பிம்பமும் பார்வையாளரும்

வேலணைத் தீவின் கரையில் சாட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நகரமாந்தர் அதனை வெண்மணற் கடற்கரைக்காக அறிவர். கத்தோலிக்க மக்கள் கடற்பயணம் போவோரைக் காக்கும் சிந்தாத்திரை மாதா கோயிலுக்காக அறிவர். தீவுப்பகுதி மக்களோ நன்னீருக்காக அறிவர். உவர் மிகுந்த நிலத்திடையே நல்ல தண்ணீர் சுரக்கும் கிணறுகள் சாட்டியின் செல்வம். அக்கிணற்றடியில் ஒருவர் ஏடும் எழுதுகோலுமாக அமர்ந்து, நாளொன்றுக்கு எத்தனை குடம் நீர் அள்ளப்பட்டது என்று கணக்கெடுத்துவிடலாம். அந்தக் கணக்கு பொய்யாகாது. ஆனால் நீர் அள்ளியவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார், ஒரு குடத்தை எத்தனை பேர் பங்கிட்டுக் குடித்தனர், கிணற்றைத் தொட எவருக்கு உரிமை இருந்தது, எவர் தள்ளி நின்று பிறர் வார்க்கக் காத்திருந்தனர் என்பன அந்த ஏட்டில் ஏறமாட்டா.

புகழ்பெற்றோரின் பிம்பத்தையும், அப்பிம்பத்தைக் கண்டும் கேட்டும் வாழ்ந்த மக்களையும் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய குடக்கணக்கின் வரலாறே என்பது நமது கருத்து. நட்சத்திரம் என்று போற்றப்படும் மனிதர் வேறு. மக்கள் மனத்தில் உலவும் அவரது பிம்பம் வேறு. நடித்த வேடங்கள், சுவரொட்டிகள், சஞ்சிகைச் செய்திகள், வானொலிப் பாட்டுகள், ஊர்வாயில் அடிபடும் கதைகள் ஆகிய அனைத்தும் கூடிப் பிறப்பது பிம்பம். அதனை முதலாளி மட்டும் செய்து முடிப்பதில்லை; பார்ப்பவரும் தம் பங்குக்கு ஏதோ ஒன்றைச் சேர்க்கிறார். அந்த ஏதோ ஒன்று யாது என்பதே ஆய்வுக்குரிய வினா. ஆனால் அவ்வினாவைக் கேட்டவர்கள் சிலர். எண்ணிக்கையோடு நின்றவர்கள் பலர்.

எண்ணியவர் யார், எதற்காக எண்ணினர் என்று முதலில் பார்ப்போம். 1914ஆம் ஆண்டில் எமிலி ஆல்டன்லோ என்ற இளம் ஆய்வாளர், ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் திரைப்படம் பார்ப்போரைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். ஏறத்தாழ 2,400 பேரின் விடைகளைத் திரட்டி, தொழிலாளி எதைப் பார்க்கிறான், கடைச்சிப்பந்தியான பெண் எதை விரும்புகிறாள், இளைஞர் எதற்காகப் போகின்றனர் என்று வர்க்கம், பால், வயது என்னும் வேறுபாடுகளோடு அவர் ஆராய்ந்தார். தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஆனால் வானொலி வந்ததும் ஆய்வின் எசமானர் மாறினர். அமெரிக்காவில் 1930 முதல் விளம்பர வணிகர்களுக்காகத் தொலைபேசி வழியே நேயர் கணக்கு எடுக்கப்பட்டது. தொலைபேசி இல்லாத ஏழையின் வீடு அக்கணக்கில் வீடே அன்று. 1942இல் நீல்சன் நிறுவனம் வானொலிப் பெட்டியோடு கருவியொன்றைப் பொருத்தி, பெட்டி எந்நேரம் எந்த நிலையத்தில் திருப்பப்பட்டிருந்தது என்று பதிவு செய்யத் தொடங்கிற்று. பெட்டி பாடிக்கொண்டிருந்ததைக் கருவி அறியும். பெட்டியின் முன் ஒருவர் இருந்தாரா, இருந்தவர் கேட்டாரா, கேட்டவர் நகைத்தாரா, நம்பினாரா என்பவற்றை அது அறியாது.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் விளம்பரம் ஏற்காத நிறுவனம். அதுவுங்கூட 1936இல் ரொபேட் சில்வி என்பவரை அமர்த்தி நேயர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. அமெரிக்காவில் போல் லாசர்ஸ்ஃபெல்ட் என்னும் அறிஞரின் தலைமையில் 1937இல் அமைந்த வானொலி ஆய்வுக்குழு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அக்குழுவைச் சேர்ந்த ஹெர்ட்டா ஹெர்சோக், பகல்நேரத் தொடர்நாடகங்களைக் கேட்கும் 100 பெண்களோடு உரையாடி, 1941இல் தம் ஆய்வை வெளியிட்டார். படித்தோர் ஏளனம் செய்த அந்நாடகங்களிலிருந்து இல்லத்தரசியர் தம் துன்பங்களுக்கு ஆறுதலையும் வாழ்வுக்கு யோசனைகளையும் எடுத்துக்கொண்டதை அவர் கண்டார்.

அடுத்து றொபேட் மேர்ட்டன் செய்த ஆய்வு. 1943 செப்டெம்பர் 21ஆம் திகதி கேட் சிமித் என்ற பாடகி, வானொலியில் 18 மணி நேரத்தில் 65 முறை தோன்றிப் பேசி, 3 கோடியே 90 இலட்சம் டொலர் பெறுமதியான போர்க்கடன் பத்திரங்களுக்கு மக்களிடமிருந்து வாக்குறுதி பெற்றார். இத்துணை ஆற்றல் ஒரு பாடகிக்கு எங்ஙனம் வந்தது? மேர்ட்டன் குழுவினர் 100 பேரிடம் நீண்டநேரம் உரையாடியும், மேலும் ஆயிரம் பேரளவில் வினாவியும் விடை தேடினர். எதையும் விற்பதற்காகவே எல்லோரும் பேசும் சமுதாயத்தில், விற்பனை நோக்கமற்ற ஒரு குரலுக்காக மக்கள் ஏங்கினர். அந்த ஏக்கமே பாடகியின் பிம்பத்துக்கு உயிர் கொடுத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஏக்கம் மெய்யானது, அதைப் பற்றிக்கொண்ட பிம்பமோ விற்பனைக் கருவி. நட்சத்திரத்தின் வரலாறு முழுவதும் இந்த முரண்பாட்டிலே அடங்கியிருக்கிறது எனலாம்.

இனி நம் கரைக்கு வருவோம். கொழும்பில் 1925 டிசெம்பரில் வானொலி பிறந்தது. 1950இல் தொடங்கிய அதன் வர்த்தக ஒலிபரப்பு, கடல் கடந்து இந்தியா முழுவதும் ஒலித்தது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் தம் நாட்டு வானொலியிலிருந்து திரையிசையை ஒதுக்கிவைத்தபோது, இந்தி நேயரும் தமிழ் நேயரும் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்னும் இந்தி நிகழ்ச்சி, பாட்டுகளை வரிசைப்படுத்த இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் கொண்டு கணக்கிட்டது. தமிழ் ஒலிபரப்பில் மயில்வாகனனின் குரல் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிமுகமாயிற்று. பாடாமலும் நடிக்காமலும், பேசும் பாங்கினாலேயே ஒருவர் நட்சத்திரமாகலாம் என்று காட்டியது அக்குரல்.

நேயர் விருப்பம் என்னும் நிகழ்ச்சியில் பாட்டுக்கு முன்னே பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்படும். அஞ்சலட்டைகளின் குவியலே அன்றைய நேயர் ஆய்வு. ஆனால் அஞ்சலட்டை எழுதியவர் யார்? எழுத்தறிந்தவர், அட்டைக்குக் காசு உள்ளவர், தம் பெயர் உலகறிய ஒலிப்பதற்கு வீட்டிலே தடையில்லாதவர். தேநீர்க்கடைப் பெட்டியின் முன் வெளியே நின்று கேட்டவர், திருவிழா ஒலிபெருக்கியின் பாட்டை வயலிலிருந்து கேட்ட கூலிப்பெண், புகையிலைத் தோட்டத்தில் நீர் இறைத்துக்கொண்டே முணுமுணுத்தவர் ஆகியோர் அட்டை எழுதவில்லை. ஆயினும் அவர்களும் நேயர்களே. ஒரு பெட்டிக்கு ஒரு குடும்பம் என்று கணக்கிட்ட மேனாட்டு முறை, ஒரு பெட்டியை ஒரு குறிச்சியே சூழ்ந்து நின்ற நம் ஊர்களுக்குப் பொருந்துவதன்று.

இருந்தும் அந்த அட்டைகளை நாம் இழிவாகக் கருதலாகாது. தேசப்படத்தைப் பார்த்தவர் எவரும் எளிதில் கவனிக்காத ஒரு தீவின் பெயர், கொழும்பிலிருந்து வானில் ஏறிச் சென்னையிலும் கேட்டது. தம்மைப் பிறர் அறிய வேண்டும் என்னும் மனித விருப்பம் அதில் இருந்தது. டானியல் பூர்ஸ்டின் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960களின் தொடக்கத்தில், புகழுக்காகவே புகழ்பெற்றவர் என்னும் ஒரு புதுவகை மனிதரைப் பற்றி எழுதினார். நட்சத்திரங்களைப் பற்றிய அவரது கண்டனம் கூர்மையானது. ஆனால் புகழின் வெளிச்சம் தம்மீது ஒரு கணமேனும் படாதா என்று தீவிலிருந்து அட்டை எழுதியவரை விளக்க அக்கண்டனம் போதாது.

வானொலி வீட்டு வாசலுக்கு வந்தது. திரைப்படத்தையோ மக்களே தேடிப் போகவேண்டியிருந்தது. சாட்டியிலிருந்தும் வேலணையிலிருந்தும் யாழ்ப்பாண நகரத்துக்குப் பண்ணைக் கடலைக் கடக்க வேண்டும். வின்சர், வெலிங்டன், ரீகல், ராஜா, மனோகரா என்னும் படமாளிகைகளின் பெயர்கள் அப்பயணத்தின் பெயர்களாகவே முதியோர் நினைவில் நிலைத்தன. தென்னிலங்கையில் கடை வைத்திருந்த தீவக வணிகரிடம் சிப்பந்திகளாய் இருந்த இளைஞர், கொழும்பில் பார்த்த படத்தை விடுமுறையில் ஊருக்குக் கதையாகக் கொண்டுவருவது இயல்பு. ஆகவே ஒரு நுழைவுச்சீட்டுக்கு ஒரு பார்வையாளர் என்னும் வசூற்கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது. படத்தைப் பார்க்காமலே அதன் கதாநாயகனை அறிந்தவர்கள் பலர்.

அச்சீட்டுக்கு வேறொரு பொருளும் உண்டு. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் முதன்முதலாக அமர்ந்த இடம் திரைப்பட மாளிகையே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கைக்காசு என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியான தம் ஆங்கில நூலில் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இது சிறிய செய்தியன்று. தேநீர்க்கடையில் சமமாக இருந்து குடிக்கவும், கோயிலில் நுழைந்து வழிபடவும் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த கோயில் நுழைவுப் போராட்டமும் அவ்வரலாற்றின் மைல்கற்கள். கோயில் வாயில் மூடியிருந்த காலத்தில் படமாளிகையின் வாயில் காசுக்குத் திறந்தது. முதலாளித்துவம் தந்த சமத்துவம் அது. காசுள்ளவரைக்கும் மட்டுமே செல்லுபடியாகும் சமத்துவம். எனினும் இருளில் தோளோடு தோள் உரச இருந்து மூன்று மணிநேரம் ஒருவரையே பார்த்த அனுபவத்தை எந்த வசூற்கணக்கு சொல்லும்?

அவ்விருளில் அவர்கள் பார்த்தவர் பெரும்பாலும் எம். ஜி. இராமச்சந்திரன். 1917 ஜனவரி 17ஆம் திகதி கண்டியிலே பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, நாடகக் கம்பனியில் சிறுவனாய்ச் சேர்ந்து, நெடுங்காலம் சிறு வேடங்களில் உழன்று உயர்ந்தவர். 1958இல் ‘நாடோடி மன்ன’னைத் தாமே தயாரித்து இயக்கியபோது, அவரது பிம்பம் முழுவடிவம் பெற்றுவிட்டது எனலாம். மது அருந்தாதவர், புகைக்காதவர், தாயை வணங்குபவர், பெண்டிரைக் காப்பவர், எளியவருக்காக அடிப்பவர், அடிபட்டும் வெல்பவர் என்று அப்பிம்பம் படத்துக்குப் படம் உறுதிப்பட்டது. 1965இல் அவர் நடிகை சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தபோது, பிறந்த மண்ணுக்குத் திரும்பிய மைந்தர் என்பதும் அப்பிம்பத்தோடு சேர்ந்தது.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். லியோ லோவெந்தால் என்ற ஜெர்மானிய மார்க்சிய அறிஞர், அமெரிக்கச் சஞ்சிகைகளில் 1901 முதல் 1941 வரை வந்த வாழ்க்கை வரலாறுகளை ஆராய்ந்து 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலதிபர், அரசியலாளர் போன்ற உற்பத்தித்துறை நாயகர்கள் போற்றப்பட்டனர். பின்னரோ நடிகர், விளையாட்டு வீரர் முதலிய நுகர்வுத்துறை நாயகர்கள் அவ்விடத்தைப் பிடித்தனர் என்று அவர் காட்டினார். நம் நாயகரிடமோ இவ்விரண்டும் விசித்திரமாகக் கலந்தன. அவர் பொழுதுபோக்குத் தொழிலின் நாயகர். ஆனால் திரையிலே அவர் உடுத்த ஆடை உழைப்பாளியின் ஆடை. 1964இல் ‘தொழிலாளி’, ‘படகோட்டி’, 1967இல் ‘விவசாயி’, 1971இல் ‘ரிக்‌ஷாக்காரன்’, 1977இல் ‘மீனவ நண்பன்’. நுகர்வுக்காக விற்கப்பட்ட பண்டத்தின்மேல் உழைப்பின் முத்திரை குத்தப்பட்டிருந்தது.

‘படகோட்டி’யைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஜி. என். வேலுமணி தயாரித்து, டி. பிரகாஷ்ராவ் இயக்கிய வண்ணப்படம் அது. இரு மீனவக் கூட்டத்தார் தமக்குள் பகைத்து நிற்க, அப்பகையினால் செல்வர் ஒருவர் கொழுக்க, நாயகன் அப்பகையைத் தீர்த்துவைப்பதே கதையின் சாரம். தீவகக் கரையில் வள்ளமும் வலையும் சம்மாட்டிக்குச் சொந்தம், கடனும் சம்மாட்டியிடமே, பிடித்த மீனின் விலையையும் கரையிலே நிற்கும் வியாபாரியே வைப்பான். அத்தகைய கடற்றொழிலாளி இப்படத்தில் எதைக் கண்டிருப்பார்? தம் தொழில், தம் வள்ளம், தம் கரை ஆகியன தமிழ்ப்படத்தின் நடுவிடத்துக்கு வந்ததைக் கண்டிருப்பார். பிறர் தாழ்வாக நோக்கிய தொழிலை, எல்லோரும் போற்றும் ஒருவர் மேற்கொண்டதைக் கண்டிருப்பார். அதேவேளை வண்ணத் திரையிலே வலையிழுப்போரின் கையில் காப்பு ஏறாததையும் கவனித்திருப்பார். தம் கடனைத் தீர்க்கும் வழி நாயகனின் முட்டியில் உண்டா, கூட்டுறவுச் சங்கத்தில் உண்டா என்பதையும் அவர் தமக்குள் எடைபோட்டிருக்கக் கூடும். இவையெல்லாம் நம் ஊகங்கள். ஊகத்தை அறிவாக்கும் வழி ஒன்றே: அவரையே கேட்பது.

பிம்பத்தின் அரசியல் விளைவை நாம் அறிவோம். 1967 ஜனவரி 12ஆம் திகதி எம். ஆர். ராதாவால் சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த எம். ஜி. ஆரின் படம் சுவரொட்டியாகித் தேர்தலில் நின்றது. அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். 1972 ஒக்ரோபரில் தனிக்கட்சி கண்டு, 1977இல் முதலமைச்சரானார். 1984இல் நியூயோர்க் மருத்துவமனையிலிருந்தவாறே ஆண்டிபட்டியில் வென்றார். அத்தேர்தலில் அவர் நலமாக இருப்பதைக் காட்டும் ஒளிப்படச் சுருள் ஊரூராய்க் காட்டப்பட்டது. 1987 டிசெம்பர் 24இல் மறையும் வரை ஆட்சி அவரிடமே இருந்தது.

இதனை ஆராய்ந்தோர் வெவ்வேறு வழி சென்றனர். அமெரிக்கரான ரொபேட் ஹார்ட்கிரேவ் 1970களில் வினாக்கொத்து முறையால் தமிழகத்து இரசிகரின் அரசியல் உணர்வை அளக்க முயன்றார். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூலில், நாட்டுப்புறக் கதைப்பாடல்களின் வீரநாயகர் மரபை இப்பிம்பம் எவ்வாறு தனதாக்கிக்கொண்டது என்பதையும், ஏழைகளின் வாக்கால் அமைந்த ஆட்சியின் வரிச்சுமை ஏழைகள் மீதே இறங்கியதையும் இணைத்துக் காட்டினார். பிம்பம் ஒரு பொறி என்பது அவரது முடிபு. மூன்றாமவர் சாரா டிக்கி. அவர் 1980களில் மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் பழகி, அவர்களோடு படம் பார்த்து, பேசி, 1993இல் நூல் எழுதினார். திரையில் காண்பது வாழ்க்கையன்று என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர். அறிந்தும் துயர்மறக்கச் சென்றனர். இரசிகர் மன்றத்தின் வழியே ஊரிலே தமக்கோர் மதிப்பையும் தேடிக்கொண்டனர் என்று அவரது ஆய்வு காட்டிற்று.

பாண்டியன் காட்டியது விளைவு; டிக்கி காட்டியது வாழ்வு. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. மக்கள் அறிவுடையவர், ஆயினும் அறிவுடையவரும் பொறியில் அகப்படுவர், வெளியேறும் வாயில் வேறெதுவும் கண்ணிற்படாதபோது. அவ்வாயிலைக் காட்டவேண்டிய கடமை யாருடையது? நம்முடையது.

எனவே நம் தவறுகளையும் இங்கே பேசியாக வேண்டும். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் மரபில் வந்தோர், தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளும் படங்களும் ஈழத்துப் படைப்பை நசுக்குவதை எதிர்த்தனர். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஈழத்து இலக்கியம் தன் காலில் நிற்க அது துணையாயிற்று. ஆனால் பண்டத்தை வெறுத்த நாம், பண்டத்தை விரும்பியவரையும் சேர்த்தே வெறுத்தோம். இரசிகன் என்ற சொல்லை ஏமாளி என்ற பொருளில் வழங்கினோம். வகுப்பறையிலே மாணவனின் புத்தகத்துக்குள் இருந்த நட்சத்திரத்தின் படத்தைப் பறித்துக் கிழித்த ஆசிரியர் நம்மிடையே உண்டு. அப்படம் உனக்கு ஏன் வேண்டும் என்று கேட்ட ஆசிரியர் அரியர். விளம்பர முதலாளி மக்களை எண்ணினான், எண்ணாமல் அவனுக்கு இலாபம் இல்லை. நாமோ எண்ணவும் இல்லை, கேட்கவும் இல்லை. தீர்ப்பு மட்டும் சொன்னோம். மக்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் எவருக்கும் இது பெருமை தராது.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போரில் தீவுப்பகுதியின் பெரும்பாலான மக்கள் இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்தின் மற்றப் பகுதிகளுக்கும், தமிழகத்துக்கும், கனடா, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கும் அவர்கள் சிதறினர். 1980களில் ஈழப்போராளிகளுக்கு உதவியவர் என்ற காரணத்தால் எம். ஜி. ஆரின் பிம்பம் ஈழத்தமிழர் மனத்தில் தமிழகம் அறியாத வேறொரு பொருளையும் பெற்றுவிட்டது. ஒரே பிம்பம், மதுரையில் ஒரு பொருள், வேலணையில் ஒரு பொருள், புலம்பெயர்ந்த வீட்டில் மற்றொரு பொருள். பொருளைத் திரையில் மட்டும் தேடும் ஆய்வு இந்த வேற்றுமையைக் காணாது. பார்ப்பவரின் வரலாற்றைத் தேடும் ஆய்வே காணும்.

இன்று எண்ணுவோரின் ஆற்றல் பெருகியிருக்கிறது. கைத்தொலைபேசியில் விரல் பட்ட ஒவ்வொரு கணமும் கணக்கில் ஏறுகிறது. நீல்சனின் கருவி இன்று ஒவ்வொருவர் மடியிலும் இருக்கிறது. பார்வைகள் இத்தனை இலட்சம் என்னும் எண்ணிக்கையே புகழின் சான்றாகவும் புகழின் காரணமாகவும் ஆகிவிட்டது. ஆனால் குடக்கணக்கு குடக்கணக்கே. தன் கையிலுள்ள நாயகனைப் பார்க்கும் இளைஞன் வேலையற்றவனா, கடனாளியா, யாரைப்போல் ஆக ஏங்குகிறான் என்பதை, அவனுக்குப் பொருளை விற்கும் அளவுக்கு மேல் அறிந்துகொள்ள அந்த எண்ணிக்கைக்கு அக்கறை இல்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுதான். 1964இல் பத்து வயதுச் சிறுவராய் ‘படகோட்டி’யைப் பார்த்தவர் இன்று எழுபதைக் கடந்தவர். அவர்களின் நினைவே நம் ஆவணக்காப்பகம். அது நாளுக்கு நாள் மூடப்பட்டு வருகிறது. வரலாறும் தமிழும் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் தம் மாணவரை ஊரின் முதியோரிடம் அனுப்பலாம். எந்தப் படம் பிடித்தது என்று கேட்பதோடு நிறுத்தவேண்டாம். யாரோடு போனீர்கள், எப்படிப் போனீர்கள், சீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது, எந்த வகுப்பில் இருந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார், எங்கே அழுதீர்கள், எதை நம்பவில்லை, வீட்டுப் பெண்களை அழைத்துப் போனீர்களா, போகாத பெண்கள் கதையை யாரிடம் கேட்டனர், வீடு திரும்பிய பின் உங்கள் வாழ்வில் என்ன மாறியது என்று கேட்கவேண்டும். விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதவேண்டும், திருத்தலாகாது, நகைக்கலாகாது.

அவ்விடைகளில் நமக்கு உவப்பில்லாதவையும் இருக்கும். நாம் வெறுத்த நாயகன் ஒரு கடற்றொழிலாளிக்கு நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்ததாகவும் இருக்கலாம். நாம் போற்றிய இயக்கம் அவர் வாசலுக்கு ஒருமுறையேனும் வரவில்லை என்றும் இருக்கலாம். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். சாட்டிக் கிணற்றடியில் குடத்தை எண்ணியவர் வீடு திரும்பிவிட்டார். நீர் சுமந்து போனவரின் பின்னே நடந்து, அவர் வாசலில் அமர்ந்து, அவர் பேசக் கேட்கும் வேலை நமக்கு மிஞ்சியிருக்கிறது.